அலசக் கூடாத அழுக்கு

நண்பர் ஒருவர் முதன்முறையாக மீன்தொட்டி வைத்தபோது, என் தொட்டியில் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஃபில்டர் ஸ்பாஞ்சை அவருக்குக் கொடுத்தேன். வெளியே எடுத்தால் சேற்றில் புரட்டியது போல இருந்தது. அடுத்தவருக்கு அழுக்கையா கொடுப்பது என்று குழாயடியில் வைத்து, வெளுக்கும்வரை கசக்கி அலசி, பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டிக் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு வாளி பழைய தொட்டித் தண்ணீர். ஐந்தாம் நாள் போன் வந்தது: “மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுப்பா.”

நான் எதைக் கொடுக்க நினைத்தேனோ அதைத்தான் சாக்கடையில் கொட்டியிருந்தேன். கையில் மிஞ்சியது வெறும் ஸ்பாஞ்ச்.

அந்த அழுக்கில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு முன், அது ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடலாம். மீன் தின்னும் புரதத்தில் உடம்புக்குப் போக மிஞ்சும் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியும் கழிவும் தம் பங்குக்கு அம்மோனியாவைச் சேர்க்கின்றன. ஆற்றில் இது கரைந்து போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் போக இடமில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1 கிராம் தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வையுங்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம். அதில் பாதிதான் அம்மோனியாவாக வருகிறது என்று கொண்டாலும், 50 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. இது ஒரே நாள் கணக்கு. மறுநாளும் தீனி போடுவோம்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். மின்னேற்றம் கொண்ட அம்மோனியம் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. மின்னேற்றமில்லாத அம்மோனியாதான் செவுளைத் தாண்டி உள்ளே புகுந்து மீனைக் கொல்கிறது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் சுமார் 200-ல் ஒரு பங்குதான் நச்சு வடிவம். பிஹெச் 8 ஆனால் 20-ல் ஒரு பங்கு. டெஸ்ட் கிட்டில் ஒரே அளவு காட்டும் இரண்டு தொட்டிகளில், ஒன்றில் மீன் நிம்மதியாகத் திரிவதும் இன்னொன்றில் மூச்சுக்குத் தவிப்பதும் இதனால்தான்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான்: செவுள் வழியே ரத்தத்தில் ஏறி, ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாத வடிவுக்கு மாற்றிவிடும், ரத்தம் பழுப்பாகிப்போகும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். நல்லவேளையாக இரண்டாவது கூட்டம் ஒன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை பெரிய ஆபத்தில்லை. தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும், செடிகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டு கூட்டமும் போதுமான எண்ணிக்கையில் வந்து சேர்வதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் ‘தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது’ என்கிறார்கள்.

இந்த வேலை இரண்டு கட்டமாக, இரண்டு வகை உயிர்களால் நடக்கிறது என்பதை 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி மண்ணில் கண்டு சொன்னார். மீன்தொட்டியிலும் அதே ஆட்கள்தான் என்று நெடுங்காலம் நம்பி, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே எழுதிவந்தார்கள். 1998-ல் டிமத்தி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் நன்னீர்த் தொட்டிகளில் தேடியபோது அந்த இடத்தில் இருந்தது நைட்ரோஸ்பைரா. 2005-ல் சியாட்டில் அக்வேரியத்தின் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து, அம்மோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, வேறொரு உயிர்க்குலம். 2015-ல் இன்னும் பெரிய ஆச்சரியம்: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒண்டியாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவை இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் ஃபில்டர். நூற்றாண்டுக்கு மேலாகப் பாடமாகச் சொல்லிவந்ததைத் திருத்தும் உயிர், ஒரு ஃபில்டர் அழுக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

சரி, அவை தானாகவே வந்து சேராதா? சேரும். காற்றிலும் செடியிலும் மீன் மேலும் ஒட்டிக்கொண்டு சில எப்படியும் வந்துவிடும். ஆனால் பெருக வேண்டுமே. ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியா தின்பவைக்கு ஆய்வகத்தில் எல்லாம் கூடிவந்தாலும் பல மணி நேரம் ஆகும். தொட்டியில் ஒரு நாளோ அதற்கு மேலோ. காரணம், அவற்றின் பிழைப்பு அப்படி. அம்மோனியாவை ஆக்ஸிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தங்கள் உடம்பையே கட்டிக்கொள்ள வேண்டும். கூலி குறைவு, வீட்டுச் செலவு அதிகம். குடும்பம் மெதுவாகத்தான் பெருகும்.

தேவையான கூட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கினால் பத்து முறை இரட்டிக்க வேண்டும். லட்சத்தில் ஒரு பங்கு என்றால் பதினேழு முறை. நைட்ரைட் தின்பவை, தங்களுக்குத் தீனி வந்த பிறகுதான் வேலையையே ஆரம்பிக்கும். புதுத் தொட்டி சைக்கிள் ஆக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது இந்தக் கணக்கில்தான். பழைய ஃபில்டரிலிருந்து தேவையில் கால் பங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டால்? இரண்டே இரட்டிப்புதான் பாக்கி. விதை தூவிவிட்டு முளைக்கக் காத்திருப்பதற்கும், வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த உயிர்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். பழைய ஸ்பாஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒரு பசை தெரியும். நல்ல ஸ்பாஞ்ச் என்றால் மழை பெய்த மண்ணின் வாசனை அடிக்கும், அழுகல் நாற்றம் அடிக்காது. அந்தப் பசைதான் உயிர்ப்படலம். நுண்ணுயிர்கள் தாங்களே சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு கோந்தைச் சுரந்து, அதை வைத்து மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேறுகின்றன. உட்கார்ந்த இடத்துக்கே ஃபில்டர் வழியாக அம்மோனியாவும் ஆக்ஸிஜனும் வந்து சேரும்போது, நீந்தி அலைய அவற்றுக்கு அவசியமில்லை. அதனால் ஓடும் தண்ணீரில் அவை மிகக் குறைவு. நான் கொடுத்தனுப்பிய வாளித் தண்ணீர் நைட்ரேட்டைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அதற்காக ஸ்பாஞ்சில் தெரியும் பழுப்பெல்லாம் பாக்டீரியா என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி மக்கிய கழிவு. கூட்டம் ஒட்டியிருப்பது இழைகளின் மேல். தொட்டித் தண்ணீரில் இரண்டு அமுக்கு அமுக்கினால் கழிவு போகும், கூட்டம் பெரும்பாலும் தங்கிவிடும். குழாய்த் தண்ணீரில் அழுத்திக் கசக்கும்போதுதான் இரண்டும் போகிறது. அதில் குளோரினோ குளோரமினோ கலந்திருப்பது நோய்க்கிருமிகளைக் கொல்ல. நல்லது கெட்டது பார்த்துக் கொல்லத் தெரியாது அதற்கு. புதுத் தொட்டியை நிரப்பும் தண்ணீரிலும் இதை முறித்துவிட்டுத்தான் ஸ்பாஞ்சை உள்ளே விட வேண்டும்.

பையை இறுகக் கட்டியது என் இரண்டாவது தவறு. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக முடிய சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் பிடித்துவைப்பதே 8 மில்லிகிராம் சொச்சம்தான். இதோடு, கழிவைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களும் அந்த ஸ்பாஞ்சில் ஏராளம். அவையும் மூச்சு விட வேண்டும். மூடிய பைக்குள் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. மின்சாரம் போய்ப் பல மணி நேரம் நின்றுபோன, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கெனிஸ்டர் ஃபில்டரைத் திறந்தால் முட்டை அழுகிய நாற்றம் வருவதும் இதே கதை. ஆகவே எடுத்துப் போகும்போது ஸ்பாஞ்ச் நனைந்திருக்கும் அளவுக்குப் பழைய தொட்டித் தண்ணீர், மேலே நிறையக் காற்று, வெயில் படாத இடம். தண்ணீரில் முழுக்க மூழ்கடிப்பதை விட, காற்றோட்டமுள்ள டப்பாவில் ஈரமாக வைப்பதே மேல். எடுத்த சில மணி நேரத்துக்குள் புது ஃபில்டரில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் கவலையில்லை.

எவ்வளவு எடுப்பது என்பதில் பலர் தொட்டியின் லிட்டர் கணக்கைப் பார்க்கிறார்கள். லிட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது அதற்குத் தினமும் கிடைக்கும் அம்மோனியா; அதாவது போடும் தீனி. பத்துச் சின்ன மீன்கள் இருந்த தொட்டியின் ஃபில்டர் முழுவதையுமே கொண்டுவந்தாலும், அது பத்துச் சின்ன மீன்களுக்கான கூட்டம்தான். அதை நம்பிப் புதுத் தொட்டியில் நாற்பது மீனை ஒரே நாளில் விட்டால் அம்மோனியா ஏறத்தான் செய்யும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், வளையம் போன்ற மீடியாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தீர்கள் என்றால், முதலில் மூன்றில் ஒரு பங்கு மீன் சுமையோடு தொடங்குவது நியாயமான கணக்கு. பழைய தொட்டியையும் மறந்துவிடக் கூடாது. அங்கேயும் கூட்டம் குறைந்திருக்கிறது. சில நாட்களுக்குத் தீனியைக் குறைத்துப் போட்டால் மிச்சமிருப்பவை பெருகிச் சமாளித்துக்கொள்ளும்.

அவசரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. புது ஃபில்டருக்கு வாங்கிய ஸ்பாஞ்சையோ செராமிக் வளையத்தையோ பழைய தொட்டியின் ஃபில்டருக்குள், தண்ணீர் ஓடும் பாதையில், ஒரு மாதம் ஆறு வாரம் போல வைத்துவிடுங்கள். கூட்டம் தானாகக் குடியேறும். அப்புறம் அதை எடுத்து இடம் மாற்றினால் இரண்டு தொட்டிக்கும் அதிர்ச்சி இல்லை. பழைய ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டிக்குள் பிழிந்துவிடும் பழக்கமும் உண்டு. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் பிய்ந்து மிதப்பவை மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும், பாதி அதற்குள் தண்ணீர் மாற்றும்போதே போய்விடும். ஸ்பாஞ்சை முழுதாக வைக்க இடமிருந்தால் ஏன் பிழிய வேண்டும்? ஃபில்டரில் பொருந்தாவிட்டால் வெட்டி வையுங்கள், வெட்டுவதால் கெடுவதில்லை.

எல்லா ஸ்பாஞ்சும் எல்லாத் தொட்டிக்கும் ஆகாது. கடல்நீர்த் தொட்டியின் மீடியா நன்னீரில் உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்பவை வேறு. பிஹெச் 6-க்குக் கீழே போனால் இந்த வேலை வெகுவாக மந்தமாகிவிடும். வேலை நடக்க நடக்கத் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் தண்ணீரின் காரத்தன்மையும் செலவாகிக்கொண்டே வரும் என்பதால், மென்னீர்த் தொட்டிகளில் இதைக் கவனிக்க வேண்டும். இவற்றைவிட எனக்குப் பெரிய பயம் நோய்தான். பாக்டீரியாவை மட்டும் பிரித்து எடுத்துவர முடியாது. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி, ஹைட்ரா என்னும் குட்டி நீர்ப்பிராணி, நத்தை முட்டை எல்லாம் அதே ஈர ஸ்பாஞ்சில் பயணிக்கும். சமீபத்தில் மீன் செத்த தொட்டியிலிருந்தோ, வரலாறு தெரியாத தொட்டியிலிருந்தோ இலவசமாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன். ஆறு வாரம் காத்திருந்துவிடுவேன்.

கொண்டுவந்த கூட்டம் பிழைத்ததா என்று மீனை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தொட்டி ஓட ஆரம்பித்ததும், வாசனையும் சோப்பும் கலக்காத அம்மோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும் அளவுக்கு விட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்றால் கூட்டம் முழு பலத்தில் இருக்கிறது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மட்டும் நிற்கிறது என்றால் இரண்டாவது கூட்டம் அடிபட்டிருக்கிறது; சில நாள் பொறுக்க வேண்டும். இரண்டுமே அசையவில்லை என்றால், என்னைப் போல எங்கோ குழாயடியில் தவறு நடந்திருக்கிறது.

நண்பருக்கு இரண்டாம் முறை கொடுத்தபோது ஸ்பாஞ்சை அழுக்கோடு அழுக்காக, அகலமான டப்பாவில், மூடியைத் திறந்து வைத்து நானே கொண்டுபோனேன். மறுநாள் சோதனையில் அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது, அதாவது பூஜ்யம். நைட்ரைட் குழாயில் மட்டும் லேசாக ஊதா தட்டியது. நான்காம் நாள் அதுவும் போய்விட்டது. ஆறு சின்ன மீன்களை விட்டார். மூன்று வாரம் கழித்து மறுபடி போன்.

“ஃபில்டர்ல தண்ணி மெதுவா வருதுப்பா. அந்த ஸ்பாஞ்சைக் கழுவட்டுமா?”

“தொட்டியிலேர்ந்து ஒரு மக்குத் தண்ணி எடு. அதுலயே ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு அப்படியே திரும்ப வை.”

“அழுக்கு போகாதே?”

“போக வேண்டாம்.”