ஒட்டாப் புழை: பி.எஃப்.ஓ.வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பி.எஃப்.ஓ. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் 'பேட்டன்ட் ஃபொரேமன் ஓவேல்', இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஒரு திறப்பு. அது ஒரு மொழிபெயர்ப்பில் 'காப்புரிமை ஃபொரேமன் ஓவேல்' ஆகியிருந்ததைப் பார்த்தேன். இதயத்துக்கு யார் காப்புரிமை வாங்கினார்களோ!

சிரிப்பு வந்தாலும், இரண்டு பேட்டன்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். இலத்தீனில் 'பதேரே' என்றால் திறந்து கிடத்தல். அரசர் ஒருவருக்கு உரிமை கொடுத்து, யாரும் படிக்கும்படி மூடாமல் விட்ட மடலுக்கு அந்தப் பெயர் வந்தது. கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் அதன் வழி வந்தது. மருத்துவத்தில் சொல் பழைய பொருளிலேயே நிற்கிறது. 'ஃபொரேமன்' துளை, 'ஓவேல்' முட்டை வடிவம். ஆக, மூடாத நீள்வட்டத் துளை.

பேச்சில் 'இதயத்தில் ஓட்டை' என்கிறோம். இந்த ஓட்டைதான் எனக்கு உறுத்துகிறது. ஓட்டை குடத்தில் விழும், கூரையில் விழும். அது ஒரு சேதம். இதுவோ நம் எல்லாருக்கும் இருந்த வழி. கருவில் நுரையீரலுக்கு மூச்சு வேலை கிடையாது. தொப்புள்கொடி வழியாக வரும் நல்ல இரத்தம் வலது மேலறையிலிருந்து இந்தத் திறப்பில் புகுந்து குறுக்குவழியாக இடது மேலறைக்குப் போய்விடும். குழந்தை பிறந்து மூச்சு இழுத்ததும் நுரையீரலிலிருந்து இடப்பக்கம் வரும் இரத்தம் கூடும், அழுத்தம் ஏறும், அங்கிருக்கும் மெல்லிய மடல் சுவரோடு சாத்திக்கொள்ளும். அப்புறம் மெதுவாக ஒட்டியும் போகும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மட்டும் ஒட்டுவதில்லை. கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் விழவில்லை. அவர்களில் பெரும்பாலோர் விஷயம் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். சுவரிலேயே ஒரு பகுதி வளராமல் போகும் நிஜ ஓட்டை வேறு, அதன் பெயர் ஏ.எஸ்.டி. (ஏட்ரியல் செப்டல் டிஃபெக்ட்).

சரி, தாழ் விழாத கதவால் என்ன ஆபத்து? இருமும்போதும் முக்கும்போதும் வலப்பக்க அழுத்தம் ஒரு கணம் மிஞ்சிக் கதவு திறக்கும். கால் சிரையில் உறைந்த சின்னக் கட்டி ஒன்று சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், நுரையீரலில் சிக்கியிருக்க வேண்டியது இடப்பக்கம் தாவி மூளைக்குப் போய்விடும். பக்கவாதம் வந்து இறந்த ஓர் இளம்பெண்ணின் உடலில் இந்தப் பாதையைக் கண்டு, ஜெர்மன் நோய்க்குறியியலாளர் யூலியஸ் கோன்ஹைம் 1877இல் எழுதினார். கட்டி இப்படித் தடம் மாறிப் போய் அடைப்பதை ('பாரடாக்ஸிகல் எம்பாலிசம்') 'முரண் தக்கையடைப்பு' எனலாம்.

கதவு திறப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். உப்புநீரில் துளிக் காற்றைக் கலந்து குலுக்கி, கைச் சிரையில் ஏற்றுவார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) திரையில் வலது மேலறை நுரைத்து வெளுக்கும். "மூச்சைப் பிடிச்சு முக்குங்க... இப்ப விடுங்க" என்பார் மருத்துவர். விட்டதும் இரண்டு மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கினால், கதவு திறந்திருக்கிறது.

இதற்குத் தமிழ்ச் சொல் தேடினால் 'புழை' என்ற பழைய சொல் கைக்கு வருகிறது. துளை என்பதோடு சிறுவாயில் என்ற பொருளும் அதற்கு உண்டு. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். வீட்டின் பின்வாசல் புழைக்கடை, அதுவே பேச்சில் புழக்கடை. துளையும் வாசலுமாக ஒரே சொல் இருக்கும்போது வேறு எதற்கு? முன்னால் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. 'மூடாப் புழை' என்றால் அது எப்போதும் திறந்தே கிடப்பதுபோல் ஆகிவிடும். மூடுகிறது, ஒட்டவில்லை. அதனால் 'ஒட்டாப் புழை' என்பதே என் தேர்வு. முழுப் பெயர் வேண்டுமென்றால் ஒட்டா நீள்வட்டப் புழை.

சிகிச்சையின் பெயரிலும் ஒரு வம்பு இருக்கிறது. 'ஓட்டை அடைப்பு' என்று எழுதினால், மாரடைப்பும் குழாய் அடைப்பும் கேட்டுப் பழகிய காதுக்கு அது நோயின் பெயராகவே படும். 'புழை மூடல்' என்றால் பயமில்லை. பொருத்தும் கருவிக்கு 'மூடி' போதும். நிக்கல்-டைட்டானியக் கம்பியில் பின்னிய இரண்டு வட்டுகள், நடுவில் குறுகிய இடுப்பு. தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயில் சுருட்டிக் கொண்டுபோய், சுவருக்கு இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக விரிப்பார்கள். சில மாதங்களில் உடலின் திசுவே அதன்மேல் படர்ந்துவிடும்.

இதனால் பலன் உண்டா என்பதில் நெடுநாள் இழுபறி இருந்தது. 2017இல் வெளியான ஆய்வுகளில் ஒன்று பிரெஞ்சு மருத்துவர்கள் நடத்திய 'குளோஸ்'. பக்கவாதம் ஒருமுறை வந்து வேறு காரணம் அகப்படாத, புழையின் அமைப்பும் ஆபத்தாக இருந்த, 60 வயது வரையுள்ளவர்களைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். இரத்தக்கட்டி தடுக்கும் மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு மறுபடி பக்கவாதம். மூடி வைத்த 238 பேரில் ஒருவருக்கும் இல்லை.

ஆனால் புழை இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் மூடி வைப்பதில்லை. இரத்த அழுத்தம், கழுத்துத் தமனி, துடிப்புக் கோளாறு என்று மற்ற காரணங்களைத் தேடி முடித்த பிறகுதான் சந்தேகம் இதன்மேல் விழும். மூடி வைத்த முதல் சில வாரங்களில் சிலருக்கு மேலறை தாறுமாறாகத் துடிக்கும், பெரும்பாலும் தணிந்துவிடும். இரத்தக்கட்டி தடுக்கும் மாத்திரையும் தொடரும்.