வாழைச்சீப்பு மூலக்கூறுகள்

வாழைச்சீப்பில் பழங்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, ஒன்றின் வளைவுக்குள் அடுத்தது உட்கார்ந்திருக்கும். ஒன்றை மட்டும் பிய்த்து எதிர்ப்பக்கம் திருப்பிச் செருகிப் பாருங்கள், இடம் போதாது. திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும் பொருள்களே திரவப் படிகங்கள். அவற்றில் வளைந்த மூலக்கூறுகளாலானவற்றின் மின்குணம் பெரும்பாலும் இந்த இட நெருக்கடியில்தான் பிறக்கிறது.

கால்குலேட்டர் திரையின் திரவப் படிகத்தில் இருப்பவை நேரான குச்சி மூலக்கூறுகள். அவற்றுக்கும் நேர்முனை, எதிர்முனை உண்டு. ஆனால் பாதி மேல் பார்த்தும் பாதி கீழ் பார்த்தும் கிடப்பதால் கூட்டிக் கழித்தால் பூஜ்யம். வளைந்த மூலக்கூறில், நடு பென்சீன் வளையத்திலிருந்து இரு கைகள் சுமார் 120 பாகைக் கோணத்தில் விரிகின்றன. அதை வில்லாக நினைத்தால், அம்பு இருக்கும் கோட்டிலேயே மின் இருமுனையின் ஒரு பங்கு நிற்கிறது. இவை அடுக்கடுக்காக அமையும்போது, ஓர் அடுக்குக்குள் எல்லா வில்லும் ஒரே பக்கம் பார்த்தால்தான் நெருங்கி அடைய முடியும். ஆகவே அடுக்கு முழுவதற்கும் ஒரு மின்திசை கிடைத்துவிடுகிறது. இடக்கை, வலக்கை போன்ற வேறுபாடுள்ள மூலக்கூறுகளால்தான் இது முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறுபாடே இல்லாத வளைந்த மூலக்கூறும் இதைச் செய்யும் என்று 1996இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் டகேசோயே குழு காட்டியது.

சரி, இதை எப்படி அளப்பது? மின்கடத்தும் பூச்சுள்ள இரு கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் நீர்மத்தை நிரப்பினால் அதுவே ஒரு மின்தேக்கி. மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே மின்காப்பு மாறிலியை, அதாவது நீர்மம் அந்த மின்தேக்கியின் கொள்ளளவை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பதை, கணக்கிடுகிறார்கள். தனி மூலக்கூறு தன் நீள அச்சில் பம்பரம்போல் சுழல்வது வேகமானது. மெகாஹெர்ட்ஸ் அளவிலும் ஈடுகொடுக்கும். கூட்டமாகத் திரும்புவது தேர் திருப்புகிற கதை. அது பெரும்பாலும் சில கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தென்படும். மூலக்கூறுகள் திசையில் மட்டும் ஒத்து நிற்கும், அடுக்கே இல்லாத நெமாட்டிக் நிலையிலும் இப்படி மெதுவான துடிப்பு தெரியும். சிறு சிறு சீப்புகளாக மூலக்கூறுகள் அங்கும் கூடி நிற்பதே காரணம் என்பது பலரின் விளக்கம்.

இங்கேதான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். தண்ணீரின் மாறிலி சுமார் 80. வலுவான மின்திசை கொண்ட திரவப் படிகங்களுக்கோ கருவி சில நேரம் ஆயிரக்கணக்கில் காட்டும். மின்முனையில் ஒதுங்கும் அயனிகளும், கண்ணாடிமேல் தடவிய மெல்லிய பாலிமர் படலமும் நீர்மத்தின் பெயரில் கணக்கில் ஏறிவிடும். எனக்குப் பிடித்த சோதனை எளிமையானது: இடைவெளியை இரு மடங்காக்கி மறுபடி அளப்பது. உண்மையில் நீர்மத்தின் குணமென்றால் மாறிலி அப்படியே இருக்கும். படலத்தின் வேலையென்றால் அதுவும் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.