டெக்ஸாஸில் வீடு, நியூயார்க்கில் வரி

நியூஜெர்சியில் வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். "டெக்ஸாஸுக்குக் குடிபோய்விட்டேன் சார், அங்கே மாநில வருமான வரியே கிடையாதே, பிறகு ஏன் சம்பளத்தில் நியூயார்க் வரி பிடிக்கிறார்கள்?" என்ற கேள்வியோடு ஆண்டுதோறும் ஒருவராவது வந்துவிடுகிறார். ஊதியப் பிரிவின் தவறு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தவறன்று.

குடியிருக்கும் மாநிலம் நம் முழு வருமானத்துக்கும் வரி கேட்கலாம், வேலை நடக்கும் மாநிலம் அங்கே ஈட்டிய பகுதிக்கு மட்டும் கேட்கலாம் என்பதுதான் பொது விதி. நியூயார்க் இதில் ஒரு கொக்கி வைத்திருக்கிறது. உங்களுக்குரிய அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, நீங்கள் வேறு மாநிலத்து வீட்டில் அமர்ந்து வேலை செய்தால், அது நிறுவனத்தின் கட்டாயத் தேவையா, உங்கள் வசதியா என்று பார்ப்பார்கள். வசதிதான் என்றால் அந்த நாள்களும் நியூயார்க் நாள்களே. கனெக்டிகட்டில் வசித்து நியூயார்க்கில் சட்டம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ஸெலின்ஸ்கி இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2003-இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கொரோனாவால் அலுவலகம் பூட்டிக் கிடந்த நாள்களுக்கும் வரித்துறை இதே நிலைப்பாட்டையே எடுத்தது.

சென்ற ஆண்டு வந்த ஓர் இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். மென்பொருள் வேலை, அலுவலகம் மன்ஹாட்டனில், வீடு டாலஸ் அருகே. சனி ஞாயிறு, விடுமுறை, விடுப்பு போக அவர் வேலை செய்தது 236 நாள்கள். அதில் மன்ஹாட்டனுக்கு நேரில் போனது 10 நாள் மட்டுமே என்பதால், சம்பளத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்தை நியூயார்க்குக்கு ஒதுக்கி, மீதிக்கு ரீஃபண்ட் கேட்டு அவரே தாக்கல் செய்துவிட்டார். ஆனால் நியூயார்க்கின் ஐடி-203-பி படிவத்தில், மாநிலத்துக்கு வெளியே வேலை செய்த நாள்கள் எத்தனை என்று கேட்கும் கட்டத்தை அடுத்து, அவற்றுள் வீட்டிலிருந்து செய்தவை எத்தனை என்று கேட்டுக் கழித்துக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. வெளியே 226, அதில் வீட்டில் 218, ஆக, சிகாகோவில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்த 8 நாள்கள் மட்டுமே உண்மையில் வெளி நாள்கள். மீதி 228 நாள்களும், அதாவது சம்பளத்தில் 96 சதவீதத்துக்கும் மேல், நியூயார்க்கின் கணக்கில் போய்விட்டது. (இல்லினாய் மாநிலம் 30 வேலை நாள்களுக்கு மேல் அங்கே இருந்தால்தான் வரி கேட்கும் என்பதால் அந்த எட்டு நாள்களால் தொல்லை இல்லை.)

இதே நிலையில் நியூஜெர்சிக்காரருக்கு, நியூயார்க்கில் கட்டிய வரிக்குச் சொந்த மாநிலத்தில் கழிவு கிடைக்கும். டெக்ஸாஸில் மாநில வரியே இல்லாததால் கழிவுக்கும் இடமில்லை, கட்டியது கட்டியதுதான். நியூயார்க் நகர வருமான வரி மட்டும் வெளியூர்வாசிகளின் சம்பளத்துக்குக் கிடையாது.

வீட்டையே நிறுவனத்தின் அலுவலகமாகக் காட்ட முடியாதா என்பார்கள். நியூயார்க் வரித்துறையின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வேலைக்குத் தேவையான சிறப்பு வசதி வீட்டிலோ அருகிலோ இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு நிபந்தனைப் பட்டியல்களில் ஆறில் நான்கும் பத்தில் மூன்றும் பொருந்த வேண்டும். நிறுவனம் லேப்டாப்பும் இன்டர்நெட் கட்டணமும் கொடுப்பதை வைத்துக்கொண்டு இதில் தேறியவரை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் பயன்படுவது வேறொன்று. அந்த இளைஞரின் நிறுவனத்துக்கு டாலஸிலேயே ஒரு கிளை இருந்தது. அதையே அவருக்குரிய அலுவலகமாக மாற்றி, எந்தத் தேதியிலிருந்து என்பதைக் குறிப்பிட்டு எச்.ஆர். கடிதம் கொடுத்தது. வேலையும் மேலாளரும் உண்மையிலேயே அந்தக் கிளைக்கு மாறினால்தான் இந்தக் கடிதம் நிற்கும். அன்றிலிருந்து அவர் மன்ஹாட்டனுக்கு நேரில் வரும் நாள்களுக்கு மட்டுமே நியூயார்க் வரி. கடிதத் தேதிக்கு முந்தைய மாதங்களுக்கோ வரியை வட்டியோடு கட்டினார். இப்போது விமானச் சீட்டு, அலுவலக நுழைவுப் பதிவு ஆகியவற்றோடு நாள்காட்டி ஒன்றையும் பராமரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு அனுப்புகிறார்.