குட்டைப் புகைபோக்கியின் வித்தை

நீராவி எஞ்சின் மேடேறும்போது ‘குப் குப்’ சத்தம் ஏன் பலக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்ல, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள கீத்லியைவிடத் தோதான ஊர் இல்லை. (Keighley என்ற ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்தால் ‘கெய்லி’ என்று வரும், ஊர்க்காரர்களுக்குக் கீத்லிதான்.) கம்பளி நூலாலும் துணியாலும் வளர்ந்த ஊர். ஆலைகளுக்கு நிலக்கரி வர வேண்டும் என்று ஆக்ஸன்ஹோப் வரை எட்டுக் கிலோமீட்டருக்குப் பாதை போட்டு 1867-இல் ரயில் விட்டார்கள். 1962-இல் மூடப்பட்டதை ஆர்வலர்கள் 1968-இல் மறுபடி ஓடவைத்தார்கள்.

கொதிகலன், பிஸ்டன், சக்கரம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். என் மனம் லயிப்பது புகைபோக்கியில். ஆலைக் கொதிகலனுக்கு நெடிய புகைபோக்கி உண்டு. உள்ளிருக்கும் சூடான காற்று லேசாகி மேலே எழ, கீழே அடுப்புக்குள் புதுக்காற்று புகும். உயரம் கூடினால் இழுப்பும் கூடும். ரயிலுக்கு அந்த வசதி ஏது? பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டுமே! எஞ்சினின் மொத்த உயரமே சுமார் 4 மீட்டர்தான்.

இங்கே கைகொடுப்பது, வேலை முடித்த நீராவி. பிஸ்டனைத் தள்ளிய பிறகும் அதில் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும். அதை எஞ்சினின் முன்புறப் புகையறையில், புகைபோக்கிக்கு நேர் கீழே, குறுகிய குழாய் வாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். சீறும் நீராவி புகையையும் அள்ளிக்கொண்டு போகிறது. புகையறையில் அழுத்தம் குறைய, அடுப்பின் அனல் கொதிகலன் குழாய்கள் வழியே அங்கே இழுபடுகிறது. அடுப்புக்கு அடியிலிருந்து காற்று கரிக்குள் பாய்கிறது. ஒவ்வொரு பீய்ச்சலும் ஒரு ‘குப்’. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு ‘குப்’.

கீத்லியை விட்டதுமே ஏற்றம். சிலிண்டருக்கு அதிக நீராவி போகிறது. கழிவு நீராவியும் வலுத்து வருகிறது, ‘குப்’ சத்தமும் பலக்கிறது. நெருப்பு தானாகவே சீறுகிறது. துருத்தி ஊத ஆள் வேண்டாம்!

1804-இலேயே இதைக் கவனித்த ஆங்கிலேயப் பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக், கையில் காசில்லாமல் இறந்தார்.

இறக்கத்தில் திரும்பும்போது ஒரு சிக்கல். ஓட்டுநர் நீராவியை மூடினால் பீய்ச்சல் நிற்கும், இழுப்பும் போகும். அப்படியே சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் காற்று புகைபோக்கி வழியே கீழிறங்கி, அடுப்பு வாயிலிருந்து தீ நாக்கு ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கே நீளலாம். அதனால் சுரங்கம் வருவதற்கு முன்பே, கொதிகலனின் நீராவியை நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும் சிறு வால்வைத் திறந்துவைத்துவிடுவார்கள்.