பிரின்கெப்ஸ்: பேரரசரா, முதல்வரா?

ரோமாபுரியின் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது திபேரியஸைப் 'பேரரசர்' என்று குறித்துவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். கி.பி. 14 முதல் 37 வரை மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த நாடுகளெல்லாம் அவருக்கு அடங்கியிருந்தன என்பதால் அச்சொல்லில் பிழை இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆனால் இலத்தீன் நூல்களில் அவரைச் சுட்டும் சொல் 'பிரின்கெப்ஸ்' என்பதாகும். அச்சொல்லில் அரசன் என்ற பொருள் துளியும் இல்லை. அதைப் பேரரசர் என்று பெயர்த்த மறுகணமே, அவருடைய அவையில் நடந்த அரசியலில் பாதி நமக்கு விளங்காமற் போய்விடுகிறது.

முதல் என்று பொருள்படும் 'பிரிமுஸ்', கொள்ளுதல் என்று பொருள்படும் 'காபெரே' ஆகிய இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் இது. முதலிடம் கொள்பவர் என்பது நேர்ப்பொருள். குடியரசுக் காலத்தில் இது ஒரு பதவியின் பெயராக இருந்ததில்லை. செல்வாக்கு மிகுந்த மூத்த அரசியல்வாதிகளை எல்லாம் பன்மையில் இவ்வாறு அழைத்தனர். செனட் உறுப்பினர் பட்டியலில் முதற்பெயராக நின்று, விவாதங்களில் முதலாவதாகக் கருத்துக் கேட்கப்பட்டவருக்குப் 'பிரின்கெப்ஸ் செனாத்துஸ்' என்று பெயர். படையணியிலும் இச்சொல் உண்டு. விந்தை என்னவென்றால், அங்கே இப்பெயர் பெற்ற வீரர்கள் இரண்டாம் வரிசையில் நின்றார்கள்.

கி.மு. 509இல் மன்னரைத் துரத்தினோம் என்பது ரோமர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வரலாறு. மன்னன் என்ற பொருள் தரும் 'ரெக்ஸ்' அவர்கள் காதில் வசைச்சொல்லாகவே ஒலித்தது. ஜூலியஸ் சீசர் அப்பெயருக்கு ஆசைப்படுகிறார் என்ற ஐயமே கி.மு. 44 மார்ச் 15 அன்று அவர் குத்திக் கொல்லப்பட்டதற்கு ஒரு காரணம். அவருடைய வளர்ப்பு மகனான அகஸ்டஸ் இதை மறக்கவில்லை. படைகளின் மீதான அதிகாரம், பொதுமக்கள் சார்பில் நின்ற 'மக்கள் காவலர்' என்ற பதவிக்குரிய அதிகாரம் என்று ஒவ்வொன்றாகத் தம் கைக்குள் சேர்த்துக்கொண்ட அவர், தம்மைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல்லோ எந்த அதிகாரத்தையும் காட்டாத பிரின்கெப்ஸ். மதிப்பில் எல்லோரையும் விஞ்சினேன், ஆனால் அதிகாரத்தில் என்னோடு பதவி வகித்தவர்களைவிட மிகுதியாக எதையும் பெற்றிருக்கவில்லை என்று தம் சாதனைக் கல்வெட்டில் அவர் எழுதிவைத்தார். இதைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு அதிகாரமும் சட்டப்படி வழங்கப்பட்டதுதான், அவை அத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்குத்தான் சட்டத்தில் பெயர் இல்லை.

பெயரில்லாத பதவியை அடுத்தவருக்கு எப்படிக் கையளிப்பது? கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று அகஸ்டஸ் இறந்தபின் செனட்டில் எழுந்த சிக்கல் இதுதான். திபேரியஸுக்கு அப்போது வயது 54; அகஸ்டஸின் மனைவி லிவியா முதற்கணவர் வழியே பெற்ற மகன்; பின்னர் அகஸ்டஸால் தத்தெடுக்கப்பட்டவர். காவற்படைக்கு அவர் ஏற்கெனவே கட்டளையிடத் தொடங்கியிருந்தார். ஆயினும் செனட்டில், இவ்வளவு பெரிய சுமை தமக்குத் தாங்காது, அதில் எப்பகுதியை ஒப்படைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று பேசினார். உடனே அசினியஸ் காலஸ் என்ற செனட் உறுப்பினர் எழுந்து, "சீசரே, அரசின் எந்தப் பகுதியை உம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்?" என்று கேட்டுவிட்டார். திபேரியஸ் சற்று நேரம் வாயடைத்துப் போனார். அவர் முகத்தில் சினத்தைக் கண்ட காலஸ், அரசு ஓருடல், அதை ஒருவரே ஆள வேண்டும் என்பதை உம் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்யத்தான் அப்படிக் கேட்டேன் என்று சமாளிக்கப் பார்த்தார். இக்காட்சியை எழுதிவைத்த ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், திபேரியஸ் மணவிலக்குச் செய்ய நேர்ந்த விப்சானியாவைப் பின்னர் மணந்துகொண்டவர் காலஸ் என்பதையும், அந்தப் பழைய பகை உள்ளே கனன்றுகொண்டிருந்ததையும் சுட்டுகிறார். காலஸ் கி.பி. 30இல் சிறைப்பட்டு, மூன்றாண்டுகளுக்குப் பின் பட்டினியால் மாண்டார்.

பேரரசர் இறந்தார், மகன் அரியணை ஏறினார் என்று எழுதினால் இந்த உரையாடலுக்கே இடமில்லை. அரியணை என்ற ஒன்று அங்கே இருக்கவில்லை.

திபேரியஸ் சொற்களில் கண்டிப்பானவர். கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ அவருடைய கூற்று ஒன்றைப் பதிந்திருக்கிறார்: அடிமைகளுக்கு நான் தோமினுஸ், படைவீரர்களுக்கு இம்பெராத்தோர், மற்றவர்களுக்குப் பிரின்கெப்ஸ். சொல் விளக்கம் எழுதுவோருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தோமினுஸ் என்பதற்கு நம்மிடம் 'ஆண்டான்' என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. ஆண்டான், அடிமை என்ற இணையில் அது அச்சாகப் பொருந்தும். தம்மைத் தோமினுஸ் என்று அழைத்த ஒருவரிடம், இப்படி இழிவுபடுத்த வேண்டாம் என்று திபேரியஸ் தடுத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். ஆண்டானே என்று ஒரு குடிமகன் அழைத்தால், கூடவே தன்னை அடிமை என்றும் சொல்லிக்கொள்கிறான் அல்லவா! இம்பெராத்தோர் என்பது கட்டளையிடுபவர். வெற்றிபெற்ற தளபதியைப் படையினர் வாழ்த்தி எழுப்பிய முழக்கம். 'படைத்தலைவர்' என்பதே பொருந்தும். பேரரசர் என்ற பொருள் இச்சொல்லுக்குப் பின்னாளில் ஏறியது.

இனிப் பிரின்கெப்ஸ். தொல்காப்பியத்தில் வரும் 'முனைவன்' என்ற சொல் இதற்கு மிக நெருங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. முன் நிற்பவன் என்ற கருத்து இரண்டிலும் உண்டு. ஆனால் முனைவரை ஆய்வுப் பட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம், திரும்பக் கேட்க முடியாது. 'முதற்குடிமகன்' என்றால் பொருள் சரிதான். என்றாலும் இன்று அது குடியரசுத் தலைவரைக் குறிக்கிறது, அங்கே பெயர் பெரிது, அதிகாரம் சிறிது. ரோமில் நிலைமை நேர்மாறு. எஞ்சுவது 'முதல்வர்'. மாநில முதல்வரோடு குழம்பாதா என்று கேட்கலாம்; திபேரியஸின் பெயரோடு சேர்ந்து வரும்போது குழப்பம் நேராது. கல்லூரித் தலைவரைக் குறிக்கும் பிரின்சிபால் என்ற சொல் பிரின்கெப்ஸின் வழிவந்ததே. அதைத் தமிழாக்கியவர்கள் முதல்வர் என்றது எவ்வளவு பொருத்தம்! பிரின்கெப்ஸ் செனாத்துஸுக்கோ நம் சட்டமன்றத்தில் புழங்கும் 'அவை முன்னவர்' என்ற பெயரையே கொடுத்துவிடலாம். அகஸ்டஸ் தொடங்கிவைத்த ஆட்சிமுறையை 'முதல்வராட்சி' என்றும், மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த டயோக்ளீஷியன் காலம் தொட்டு வந்ததை 'ஆண்டானாட்சி' என்றும் பிரித்தெழுதலாம்.

முதல்வர் என்பது சட்டப்படி ஒரு பதவி அன்று என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் செஜானஸின் கதையும் தெளிவாகும். காவற்படைத் தலைவராக இருந்த அவர், சிதறிக் கிடந்த அணிகளை ரோமின் ஓரத்தில் ஒரே முகாமில் குவித்தார். கி.பி. 26இல் திபேரியஸ் தலைநகரை விட்டு நீங்கி, பின்னர் காப்ரி தீவில் தங்கிவிட்டபின் அவரை அணுகும் வழிகள் செஜானஸின் கையில் இருந்தன. பதவிக்கு வரையறை இல்லாத இடத்தில் அருகாமையே அதிகாரம். வாரிசு என்பதற்கும் விதி இல்லை. மக்கள் காவலர் அதிகாரம் ஒருவருக்கு வழங்கப்பட்டால் அடுத்தவர் அவர் என்று ஊர் புரிந்துகொள்ளும். அது கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் கி.பி. 31 அக்டோபர் 18 அன்று, அப்பொல்லோ கோயிலில் கூடிய செனட்டுக்குச் செஜானஸ் வந்தார். காப்ரியிலிருந்து வந்த நீண்ட கடிதம் படிக்கப்பட்டது. இங்கும் அங்கும் சுற்றிய அக்கடிதம் போகும் திசை புலப்பட்டதும், அவர் அருகே அமர்ந்திருந்தவர்கள் சிலர் எழுந்து விலகிப் போனார்கள். அன்றே அவர் கொல்லப்பட்டார்.

இந்தச் சொல் தமிழகத்து மண்ணுக்கு நேராகவே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ் காலத்து வகை ஒன்று மிகுதி. அதன் பின்புறத்தில் கேடயமும் ஈட்டியும் நடுவே இருக்க இரு இளைஞர்கள் நிற்கிறார்கள். அகஸ்டஸின் பேரர்களும் தத்துப்பிள்ளைகளுமான காயுஸும் லூசியுஸும். ஓரத்து எழுத்துகளின் கடைசியில் இருப்பது 'பிரின்கெப்ஸ் யுவெந்தூத்திஸ்' என்பதன் பன்மைச் சுருக்கம், அதாவது இளையோர் முதல்வர்கள். பிரின்ஸ் என்ற சொல் பிற்காலத்தில் இளவரசன் என்று பொருள்படத் தொடங்கியதற்கு இப்பட்டமும் வழிவகுத்திருக்கக் கூடும். லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்தார்கள். அவ்வாண்டே அகஸ்டஸ் திபேரியஸைத் தத்தெடுத்தார். அதே புதையல்களில் திபேரியஸின் காசும் குவியலாகக் கிடைக்கிறது; அதில் அவர் தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன், தலைமைப் பூசகர். மன்னர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.