எரிந்தால்தான் வேலை செய்கிறதா?

முகச் சுருக்கத்துக்கும், மங்கு எனப்படும் கருந்திட்டுக்கும் வீட்டிலேயே மருந்து போட்டுப் பார்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. சொல்லப்போனால், நாற்பதைத் தாண்டி என்னிடம் வருபவர்களில் பலருக்கும் தேவைப்படுவது வீட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலைதான். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் எனக்குப் பகீரென்கிறது. "லேசா எரிஞ்சது டாக்டர், மருந்து உள்ளே இறங்குதுன்னு விட்டுட்டேன்."

எரிச்சல் என்றால் தோல் காயப்படுகிறது என்று பொருள். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் காயம் ஆறும்போது நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு, தோலுக்கு நிறம் தரும் மெலனினை அள்ளிக் கொட்டும். மேல்தோலில் தங்கினால் அது பழுப்பாகத் தெரியும், சில மாதங்களில் மங்கும். அடித்தோலுக்குள் விழுந்துவிட்டால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், போக வருடக்கணக்கில் ஆகும். பரு போன இடத்தில் கரும்புள்ளி நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆக, கருமையைப் போக்க எரியும் மருந்தைப் போடுகிறவர், போக்க நினைத்ததையே புதிதாக உண்டாக்குகிறார்.

இதில் மிக மோசமானது வீட்டில் போடும் பீல், அதாவது அமிலம் தடவித் தோலை உரிப்பது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்கிற நிலை. ட்ரைகுளோரோ அசெடிக் அமிலம், சுருக்கமாக டிசிஏ, தோலில் பட்டதும் புரதத்தை உறைய வைக்கும். அப்போது அந்த இடம் வெண்மையாகப் பனி படர்ந்ததுபோல் ஆகும். எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்பதை அந்த வெண்மையை வைத்துத்தான் நாங்கள் கணிப்போம். பின்னணி லேசாகச் சிவந்திருந்தால் ஒரு கணக்கு, முழு வெள்ளையானால் வேறு கணக்கு. என்னிடம் வந்த ஒரு பெண்மணி அந்த வெள்ளையை மருந்துத் தூள் படிந்திருப்பதாக நினைத்து, துடைத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு போட்டிருக்கிறார். கன்னத்தில் இருந்தது சின்ன மங்கு. வரும்போது கன்னம் முழுக்கக் கருத்து, மூக்கோரத்தில் மருந்து வழிந்த தடம் கோடாக விழுந்திருந்தது. டிசிஏவில் ஒவ்வொரு பூச்சும் மருந்தை இன்னும் ஆழமாகக் கொண்டு போகும். உள்ளே போனதைத் தண்ணீர் ஊற்றித் திரும்ப எடுக்க முடியாது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் இதைப் பற்றியே எச்சரிக்கை விடுத்தது: அதிகச் செறிவுள்ள டிசிஏ, கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக் அமில பீல்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ போடவோ வேண்டாம் என்று. வீட்டில் போடுகிற கிளைகாலிக் அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவு 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. பாட்டிலில் சதவீதம் பெரிதாக இருக்கும், பிஎச் பெரும்பாலும் இருக்காது. அதே 10 சதவீதம் பிஎச் குறைந்தால் பல மடங்கு கடுமையாகிவிடும். இந்த வகை அமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, வீட்டில் எதைத்தான் போடலாம்?

முதலில் சன்ஸ்கிரீன். கேட்பவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். சுருக்கத்துக்கு மருந்து கேட்டால் இவர் வெயில் க்ரீம் சொல்கிறாரே என்று. ஆனால் ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 55 வயதுக்குட்பட்டவர்கள், நாலரை வருடம். தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களுக்கு, தோன்றும்போது மட்டும் போட்டவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அதுவும் வெயில் காப்பு அளவான எஸ்.பி.எஃப். 15 உள்ள வகைதான். இன்று நாங்கள் 30 அல்லது அதற்கு மேல் சொல்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்குங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போடுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

அடுத்தது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்தான ரெட்டினாய்டு. சுருக்கம், பரு, தழும்பின் கருமை மூன்றுக்கும் ஓரளவு கைகொடுப்பது இது. இரவில் முகம் கழுவி, தோல் நன்றாக உலர்ந்தபின், முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், தாடை என்று சிறு புள்ளிகளாக வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, வாயோரம் வேண்டாம், அங்கேதான் முதலில் உரியும். முதல் சில வாரங்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். லேசான வறட்சியும் உரிவதும் சகஜம். சிவந்து, தொட்டாலே எரிந்தால் நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுத் தோலை ஆறவிடுங்கள். அமிலத்தையும் ரெட்டினாய்டையும் ஒரே இரவில் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் இருக்கிறது, மருத்துவரைக் கேட்டுப் போடலாம்.

எப்போது பலன் தெரியும்? இளம் வயதில் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள், வயது ஏற ஏற அது நீளும். அதனால் 12 வாரத்துக்கு முன்னால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே ஜன்னல் அருகில், ஒரே நேரத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கண்ணாடியை நம்ப முடியாது. புதிதாக எதை ஆரம்பித்தாலும் முதலில் முன்கையின் உட்பக்கத்தில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். நான்கைந்தை ஒன்றாக ஆரம்பித்தால் எது சுட்டது என்று எனக்கும் தெரியாது.

ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறதா? அந்த க்ரீம்தான் எனக்குச் சந்தேகம். சொல்லாமல் கலக்கப்பட்ட ஸ்டீராய்டாக இருக்கலாம், பாதரசமாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு போட்ட முகம் முதலில் மினுங்கும், பிறகு தோல் மெலிந்து, சிவப்பு ரத்த நாளங்கள் தெரிந்து, பரு கிளம்பி, கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் எரிச்சல் பலமாகத் திரும்பும். அந்த வேதனை தாங்காமல் மறுபடி அதையே போடுகிறவர்கள்தான் அதிகம். எனவே நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரோடு சேர்ந்து நிறுத்துங்கள். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பாதரசத்துக்கு எதிரான சர்வதேச மினாமாட்டா உடன்படிக்கை அதை அழகுப் பொருட்களில் இருந்து விலக்கியிருப்பது சும்மா இல்லை.

நுண்ணூசிகள் பதித்த உருளையான டெர்மா ரோலர் வேண்டாம் என்பது என் கருத்து. தோலில் துளை போட்டுவிட்டு மேலே சீரம் தடவியதால் அடியில் கட்டி வந்தவர்கள் உண்டு. சிவப்பு விளக்கு முகமூடிகள் பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை, பெரிதாகப் பலனும் எதிர்பார்க்காதீர்கள். பழுப்பேறிக் கெட்டுப்போன வைட்டமின் சி சீரத்தைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே சுட்டுக்கொண்டவர்கள் நிறையத் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத வாஸ்லின் போட்டு, வெயிலில் போகாமல் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள்.

கடைசியாக, கருமையெல்லாம் மங்கு கிடையாது. கழுத்து, நெற்றியோரம் தடித்து வெல்வெட் போலக் கருத்திருந்தால் தேய்த்துத் தேய்த்துப் பயனில்லை, அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு முதலில் தேவை சர்க்கரைப் பரிசோதனை. உருவமோ நிறமோ மாறுகிற மச்சம், வாரக்கணக்கில் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் இடம் இவற்றின் மேல் எந்த க்ரீமும் போட வேண்டாம், நேராக வாருங்கள். வரும்போது இதுவரை போட்ட எல்லா டியூபையும் பாட்டிலையும் எடுத்து வாருங்கள், பெயரே இல்லாத அந்த வெள்ளை டப்பாவையும் சேர்த்து.