கொள்ளை போன பணம் திரும்பி வரணும்னா முதல்ல முடக்கணும்

ஊழல் பணம் எந்த நாட்டு பேங்க்ல கிடக்குன்னே தெரிஞ்சுபோச்சு, அப்புறம் ஏன் கொண்டு வர முடியலன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பணம் போன தடத்தை தேடுறதுதான் என் தொழில், அதனால சொல்றேன், பணம் இருக்கிற இடம் தெரியறது பாதி வேலைகூட இல்ல. அது இன்னாரோடது, இந்த குற்றத்துல வந்ததுன்னு இன்னொரு நாட்டு கோர்ட் ஏத்துக்கற மாதிரி காட்டணும், அங்கதான் வருஷக்கணக்கா இழுக்குது.

பிலிப்பைன்ஸ் அதிபரா இருந்த மார்கோஸ் கேஸை எடுத்துக்கோங்க. 1968லயே அவரும் மனைவி இமெல்டாவும் வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயன்ங்கற பொய் பேர்ல சுவிஸ்ல அக்கவுன்ட் ஓபன் பண்ணிருக்காங்க, அப்புறம் பணம் பக்கத்து குட்டி நாடான லிக்டன்ஸ்டைன்ல இருக்கிற ஃபவுண்டேஷன்கள் பேருக்கு போயிருச்சு, பேப்பர்ல எங்க பாத்தாலும் மார்கோஸ்ங்கற பேரே வராது. 1986ல அவர் நாட்டை விட்டு ஓடினப்ப அரண்மனையில விட்டுட்டு போன பேப்பர்கள்தான் முடிச்சை அவிழ்க்க உதவுச்சு. சுவிஸ் அரசாங்கம் அடுத்த மாசமே, பிலிப்பைன்ஸ் கோரிக்கை முறைப்படி வர்றதுக்கு முன்னாடியே, பணத்தை யாரும் எடுக்க முடியாதபடி முடக்கிருச்சு. அது மட்டும் நடக்கலன்னா 2004ல திரும்பி வந்த சுமார் 68 கோடி டாலர் வந்தே இருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன். ஆனா பாருங்க, முடக்கினதுக்கும் கைக்கு வந்ததுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 18 வருஷம்!

ஹைட்டி கேஸ் இன்னும் வயித்தெரிச்சல். அங்க சர்வாதிகாரியா இருந்த டுவாலியே பணத்தையும் அதே 1986லதான் முடக்கினாங்க, ஆனா ஹைட்டியில கேஸை நடத்துற அளவுக்கு அரசாங்கமே நிலையா இல்ல. கடைசியில 2010ல சுவிஸ் உச்ச கோர்ட், குற்றத்துக்கான காலக்கெடு முடிஞ்சுபோச்சு, பணத்தை ஹைட்டிக்கு குடுக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. இந்த ஓட்டையை அடைக்கவே சுவிஸ்ல தனி சட்டம் போட்டாங்க, 2011ல அமலுக்கு வந்துச்சு.

2003ல ஐநா கொண்டு வந்த ஊழலுக்கு எதிரான உடன்படிக்கையில இதுக்கெல்லாம் வழி இருக்கு. சொத்தை திருப்பி தர்றது அடிப்படை கொள்கைன்னு 51வது பிரிவு சொல்லுது. குற்றவாளி செத்துட்டாலோ ஓடிட்டாலோ தண்டனை தீர்ப்பு இல்லாமலே பறிமுதல் பண்றத பரிசீலிக்கணும்னு 54வது பிரிவு. எனக்கு ரொம்ப முக்கியமா படறது 56வது பிரிவு, யாரும் கேக்காமலே ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு தானா தகவல் குடுக்கலாம்.

இருந்தும் எங்க சறுக்குதுன்னா கோரிக்கை எழுதுற இடத்துல. "இன்னார் பேர்ல உங்க நாட்டுல இருக்கிற எல்லா அக்கவுன்ட் விவரமும் அனுப்புங்க"ன்னு ஒரு லெட்டர் போட்டா அது திரும்பி வந்துரும், சும்மா வலை வீசி பாக்குறீங்கன்னு சொல்லிருவாங்க. எந்த டெண்டர், எந்த தேதியில கமிஷன் கைமாறுச்சு, அது எந்த ஷெல் கம்பெனி (பேருக்கு மட்டும் இருக்கிற கம்பெனி) வழியா போச்சு, அந்த செயல் அந்த நாட்டு சட்டத்துலயும் குற்றமா, இதெல்லாம் ஒவ்வொண்ணா கோர்த்து காட்டணும். லெட்டர் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அதிகாரிகிட்ட பேசி ட்ராஃப்டை காட்டிடுங்க, சந்தேகமான பணப் பரிமாற்றத்தை ஆராயற ஒவ்வொரு நாட்டு நிதி புலனாய்வு பிரிவுகளும் தங்களுக்குள்ள நேரடியா தகவல் பரிமாற எக்மாண்ட் குழுங்கற சர்வதேச அமைப்பு 1995ல இருந்தே இருக்கு. பணம் ஒரே நாள்ல நாலு நாடு தாண்டிரும், நம்ம லெட்டர் மொழிபெயர்ப்புலயே மாசக்கணக்கா கிடக்கும், அதனால முடக்கச் சொல்றதை முதல்ல கேளுங்க, மத்த ஆதாரம் பின்னாடி போகட்டும்.

பணம் வந்ததும் வேலை முடியல, அதே ஓட்டை வழியா மறுபடியும் போயிரக்கூடாது. நைஜீரியாவுல ராணுவ ஆட்சி நடத்தின அபாச்சாவோட பணம் சுமார் 32 கோடி டாலரை திருப்பி தர 2017ல சுவிஸும் நைஜீரியாவும் உலக வங்கியும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, ஏழை குடும்பங்களுக்கு நேரடியா போய் சேரணும், உலக வங்கி கண்காணிக்கணும்னு எழுத்துலயே வெச்சாங்க. இப்படிப்பட்ட ஒப்பந்தம் எங்க போட்டாலும் அதை முழுசா வெளியிடச் சொல்லி கேளுங்க, களவு போனது மக்களோட பணம்.